பதினோரு மணி வயிற்றுவலி

இராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவனுக்குத் தினமும் பதினோரு மணிக்கு வயிறு வலிக்கும். மருத்துவரிடம் காட்டியதில் உடலில் குறை ஏதும் இல்லை. அவன் அப்பா பட்டாசு ஆலை விபத்தில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. செய்தி வீட்டுக்கு வந்த நேரம் பதினோரு மணி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

"அப்பா சாமிகிட்ட தூங்குறாருப்பா" என்று அவனிடம் நானும் சொன்னேன். அது தவறு. சிறு பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் தூங்கவே பயப்படும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கோ இறந்தவர் திரும்ப மாட்டார் என்பது தெரியும். நாம் மழுப்பினால், இது கேட்கக்கூடாத பேச்சு என்று வாயை மூடிக்கொள்ளும். அவன் மூடி வைத்திருந்தது ஒருநாள் படம் வரையும்போது வெளியே வந்தது: "அன்னிக்கு லீவு போடுறேன்னாரு டீச்சர். நான்தான் பால்கோவா கேட்டேன். அதான் வேலைக்குப் போனாரு."

பஞ்சாலை வேலைக்குப் போகும் அவன் அம்மாவைப் பார்த்தேன். "அவன் முன்னாடி அழக்கூடாதுன்னு இருக்கேன் டீச்சர்" என்றார். அப்பாவின் படத்தைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். அம்மா அழுதுவிடும் என்று மகனும் எதையும் கேட்பதில்லை. ஒப்பாரிக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் கூடிய உறவுகள் பதினேழாம் நாள் கலைந்துவிட்டன. அதன்பின் அந்த வீட்டில் இரண்டு மௌனங்கள்தாம்.

அரசு மருத்துவமனையில் ஆற்றுப்படுத்துநரைப் பார்க்க மூவரும் போனோம். "எங்களுக்குப் பைத்தியமா?" என்று அம்மா கேட்டதால் முதல் முறை நானும் உடன் சென்றேன். பையனை மட்டும் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ அம்மாவிடம்தான் அதிக நேரம் பேசினார். இழப்பை நினைத்து அழுவதும் அன்றாட வேலைகளைப் பார்ப்பதுமாக மனம் மாறி மாறி ஊசலாடுவதே இயல்பான துக்கம் என்று 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற ஆய்வாளர்கள் எழுதினர். அந்த அம்மா வேலைப் பக்கமே நின்றுவிட்டவர். அன்று காலை நடந்ததை முதலிலிருந்து மெதுவாகச் சொல்ல வைத்தார்கள். பிறகு அதை மகனிடமும் சொல்லச் சொன்னார்கள். அப்பா அன்று போனது பால்கோவாவுக்காக அல்ல, சம்பள நாள் என்பதால் என்று அம்மா வாயாலேயே அவன் கேட்டான்.

எனக்குச் சொன்னவை சிறியவை. 'என் தந்தை' கட்டுரையை அவனுக்கு மாற்றிக் கொடுங்கள். வலி வந்தால் கேட்காமலே தண்ணீர் குடிக்கப் போகவிடுங்கள். சிகிச்சை செய்ய நீங்கள் முயலவேண்டாம். (இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு எவ்வளவு ஆறுதல்!) மருத்துவமனை தொலைவில் உள்ளவர்கள் 'டெலி மானஸ்' 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அப்பாவின் படம் மீண்டும் சுவரில் இருக்கிறது. வயிற்றுவலி எப்போதாவது வருகிறது. வெடிச்சத்தம் கேட்டால் இன்னும் காதைப் பொத்துகிறான். தீபாவளிக்கு முன் இன்னொரு முறை போகவேண்டும் என்று அம்மாவே சொல்லியிருக்கிறார்.