நிற்கத் தெரிந்த சைக்கிள்

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் மிதித்துப் பார்க்கிறார்கள், மணியை அடித்துப் பார்க்கிறார்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. சென்ற ஐப்பசி வரை நானும் அப்படித்தான்.

என் தந்தையார் சிங்காநல்லூரிலிருந்து திருச்சி சாலை வழியாக லேத் பட்டறைக்குச் சைக்கிளில் சென்று வருபவர். ஒரு மழை மாலையில் முன்னால் சென்ற வண்டி சட்டென்று நிற்க, அதன் மேல் மோதி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் வேலையில்லை. "பிடிச்சேன் கண்ணு, நிக்கலை" என்றார். கவனக்குறைவு என்றே வீட்டில் பேசினோம், நானுந்தான்.

பிறகு அந்தச் சைக்கிளைக் கல்லூரி மைதானத்திற்குக் கொண்டு வந்தேன். 20 மீட்டரை 5 நொடியில் கடக்கும் வேகத்தில், அதாவது நொடிக்கு 4 மீட்டரில், ஓட்டிப் பிரேக் பிடித்தேன். சக்கரம் காய்ந்திருந்தபோது ஏறக்குறைய 4 மீட்டரில் நின்றது. ரிம்மை நனைத்தபின் 10 மீட்டரையும் தாண்டியது! இது பிடித்தபின் ஓடிய தூரம் மட்டுமே. ஆபத்தைக் கண்டு கை பிடிப்பதற்குள் ஒரு நொடி கழிந்தால் மேலும் 4 மீட்டர் போய்விடும். அப்பா பிடித்தது உண்மை; நிற்காததும் உண்மை.

காரணம் உராய்வே. பழைய சைக்கிள்களின் ரிம் குரோமியம் பூசிய எஃகு. அந்த வழுவழுப்பின் மேல் படியும் நீர்ப்படலத்தில் ரப்பர் கட்டை வழுக்குகிறது. அலுமினிய ரிம்மில் மழையிலும் பிடிப்பு இதைவிட நன்றாயிருக்கும். டிரம் பிரேக்கும் டிஸ்க் பிரேக்கும் ரிம்மை நம்பியிருப்பதில்லை. எஃகு ரிம்தான் இருக்கிறதென்றால், மழையில் சந்திப்புக்குச் சற்று முன்பிருந்தே கட்டையை இலேசாக உரசவிட்டு நீரை வழித்துவிட வேண்டும்.

இன்னொன்றும் கண்டேன். அந்த வண்டியில் முன் பிரேக்கே இல்லை. கம்பி உடைந்தபோது, "பின்னாடி ஒண்ணு போதும், முன்னாடி பிடிச்சா ஆளைத் தூக்கிப் போட்டுடும்" என்று யாரோ சொன்னார்களாம். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளை உருவாக்குவதற்கு முன் இருந்த உயரச் சக்கர வண்டிகளுக்கு அந்த அச்சம் மிகவும் பொருந்தும். அவற்றில் தலைகுப்புற விழுவது சாதாரணம். அதனால்தான் ரோவர் வகைக்குச் 'சேஃப்டி' என்றே பெயர் வந்தது. நம் வண்டியில் நாம் தாழ்வாக, பின்தள்ளி அமர்கிறோம். வேகம் குறையும்போது எடை முன் சக்கரத்துக்கு மாறுவதால் அங்கேதான் நல்ல பிடிப்புக் கிடைக்கிறது. பின் சக்கரமோ எடை குறைந்து சறுக்கப் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்தினால் ஆள் பறப்பதில்லை.

மற்றபடி, நம் நண்பர்கள் விரும்பும் ஷாக் அப்சார்பர், பட்டைப் பட்டையாய்க் கட்டைகள் வைத்த டயர் எல்லாம் நகரத்துத் தார்ச்சாலையில் சுமையே. இருக்கையிலிருந்து இறங்கிச் சட்டத்தின் மேல் நின்றால் இரு பாதமும் தரையில் படிய வேண்டும். மட்கார்டு, கேரியர், பின்னால் சிவப்பு விளக்கு இவை போதும். டயரில் உரசி எரியும் டைனமோ, சிக்னலில் நாம் நிற்கும்போது அணைந்துவிடும். ஆதலால் பேட்டரி விளக்கே மேல்.

எந்தச் சைக்கிளானாலும் ஓர் இடத்தை விட்டு விலக வேண்டும்: பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடைப்பட்ட சந்து. நீண்ட வண்டி இடப்புறம் திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. உட்புறமாக வெட்டிக்கொண்டு வருகின்றன. முகப்பைப் பார்த்து இடமிருக்கிறது என்று நினைப்பவர் ஏமாந்து போவார். அங்கே பேருந்துக்குப் பின்னால் காத்திருப்பதுதான் என் வழக்கம். கல்லூரிக்கு இரண்டு நிமிடம் தாமதமானாலும் சரி.

அலுமினிய ரிம் மாற்ற அப்பா இன்னும் இசையவில்லை. முன் பிரேக்கை மட்டும் மாட்டவிட்டார். மறுநாள் பட்டறையிலிருந்து வந்ததும், "கைக்கு இறுக்கமா இருக்குது கண்ணு" என்றார். நட்டை அரைச் சுற்றுத் தளர்த்திக் கொடுத்தேன்.