ஒன்றுபட்ட இருபத்தைவர்

அமெரிக்க நாட்டு மக்கள் பெரிதும் விரும்பிக் காணும் ஆட்டங்களுள் ஒன்று பேஸ்பால். கிரிக்கெட்டைப் போலவே இதிலும் பந்தை எறிவோரும் மட்டை பிடிப்போரும் உண்டு. அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம் கிட்டும். இரு குழுவினரும் மாறி மாறி ஒன்பது முறை மட்டை பிடிப்பர். பார்வைக்கு எளிதாய்த் தோன்றும் இவ்வாட்டத்தில் வெற்றி எளிதன்று. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை நன்கு அடிப்பவனையே தலைசிறந்த ஆட்டக்காரன் என்று போற்றுவர். மற்றை ஏழு முறையும் அவன் தலை கவிழ்ந்தே திரும்புகிறான்!

தொழில்முறைக் குழுக்கள் ஏறத்தாழ ஆறு திங்களுக்குள் 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. ஒரே விமானத்தில் பறந்து, ஒரே விடுதியில் தங்கி, ஓர் அறையில் உடை மாற்றும் வாழ்க்கை அது. அத்தகையோரிடையே நல்லுறவு நிலவினால் வெற்றி பெருகுமா? ‘ஆம்’ என்று உடனே விடை கூறிவிடுதல் தகாது. 1972 முதல் 1974 வரை மூன்றாண்டும் தொடர்ந்து வாகை சூடிய ஓக்லாந்துக் குழுவினர் தமக்குள் ஓயாது பூசலிட்டவர்கள். 1974-இல் உடைமாற்றும் அறையில் இருவர் கைகலந்தபோது விலக்கச் சென்ற ஒருவர் காயமுற்றார். ஆயினும் அவ்வாண்டும் வென்றனர். ஆதலின், ஒற்றுமையின் பயனை ஆராய விரும்புவோர் அடித்தளத்திலிருந்து புதுக்கிக் கட்டப்பட்ட ஒரு குழுவின் வரலாற்றைக் காண்பது நலம்.

சிகாகோ நகரத்துக் குழுவிற்குக் ‘கப்ஸ்’ என்பது பெயர். கரடிக்குட்டிகள் என்பது அதன் பொருள். அக்குழு 1908-இல் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியில் வென்றது. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு கழிந்தும் அவ்வெற்றி மீண்டும் கிட்டவில்லை. 1945-இல் ஆட்டுக்கிடாயுடன் வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியமையால் விளைந்த சாபமே இதற்குக் காரணம் என்று நகர மக்கள் வேடிக்கையாகவும் சிலர் மெய்யாகவுமே கூறி வந்தனர். பாவம், ஆடு என்ன செய்யும்!

2011-ஆம் ஆண்டின் இறுதியில் தியோ எப்ஸ்டீன் என்பவர் அக்குழுவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 86 ஆண்டு வெற்றியின்றி வாடிய பாஸ்டன் குழுவை 2004-இல் வாகை சூடச் செய்தவர் அவர். கணக்கிலும் புள்ளிவிவரத்திலும் வல்லவர். எனினும் 2011-இல் அவர் கண் முன்னரே பாஸ்டன் குழு சரிந்தது. செப்டம்பர்த் திங்களில் ஆடிய 27 ஆட்டங்களில் 20-இல் தோற்று, கைக்கு எட்டிய வாய்ப்பை இழந்தது. திறமையாளர் பலர் இருந்தும் குழு குலைவதை அவர் நேரிற் கண்டார்.

சிகாகோவில் அவர் மேற்கொண்ட வழி கடுமையானது. வயது முதிர்ந்த வீரர்களைப் பிற குழுக்களுக்கு ஈந்து, மாற்றாக இளைஞர்களைப் பெற்றார். ஆண்டுதோறும் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கையில், முந்தைய ஆண்டில் மிகுதியாகத் தோற்ற குழுவிற்கே முதல் உரிமை என்பது அக்காலத்து விதி. 2012-இல் கப்ஸ் குழு 101 ஆட்டங்களில் தோற்றது. 2013-இல் 96 தோல்வி. அதற்கடுத்த ஆண்டில் 89. தோல்வியின் பயனாக 2013-இல் இரண்டாம் உரிமை கிடைக்க, கிறிஸ் பிரையன்ட் என்னும் இளைஞரைத் தேர்ந்தனர்.

‘கட்டணம் செலுத்தி வந்தவர்களுக்குத் தோல்வியையே காட்டுதல் முறையா?’ என்று பலர் வினவினர். அவ்வினா நேர்மையானதே. தந்தையின் கைப்பற்றி அவ்வாண்டுகளில் ஆட்டம் காண வந்த சிறுவனிடம், நாலாண்டு பொறுத்திரு என்று கூறுவது எளிதோ? 2022-இல் ஏற்பட்ட உடன்படிக்கை அவ்விதியை மாற்றி, முதல் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கும் முறையைப் புகுத்தியது.

இளைஞர்களைத் தேர்கையில் எப்ஸ்டீன் ஓட்டக் கணக்கை மட்டும் நோக்கவில்லை. களத்திலும் வாழ்விலும் தோல்வி நேர்ந்தபோது அவ்விளைஞன் எங்ஙனம் நடந்துகொண்டான் என்பதையும் எழுதுமாறு தம் ஆய்வாளரைப் பணித்தார்.

ஆன்டனி ரிசோவின் கதை இதனை விளக்கும். பாஸ்டன் குழுவின் பயிற்சி நிலையில் ஆடிய அவருக்கு 2008-இல், பதினெட்டு வயதில், நிணநீர்ப் புற்றுநோய் கண்டது. அதே குழுவின் எறிவீரர் ஜான் லெஸ்டர் 2006-இல் அவ்வகை நோயுற்று மீண்டவர். 2007-இன் உலகத் தொடரை முடித்துவைத்த ஆட்டத்தில் பந்தெறிந்து வென்றவர். அவர் அவ்விளைஞரைச் சந்தித்துத் தேறுதல் கூறினார். நோய் நீங்கிய ரிசோவை எப்ஸ்டீன் 2010-இல் சான் டியேகோ குழுவிற்கு அனுப்ப நேர்ந்தது. அங்கே அவர் அடித்த பந்துகள் பயன்படவில்லை. ஆயினும் சிகாகோவிற்கு வந்த சில திங்களிலேயே எப்ஸ்டீன் அவரை மீண்டும் வரவழைத்துக்கொண்டார். 2014-இன் இறுதியில் லெஸ்டரும் 15 கோடியே 50 இலட்சம் டாலர் ஒப்பந்தத்தில் சிகாகோ குழுவில் சேர்ந்தார்.

லெஸ்டருக்குத் துணையாகப் பந்து பிடிக்க வந்தவர் டேவிட் ராஸ். மட்டை பிடிப்பதில் அவர் பெருந்திறலினர் அல்லர். இளைஞர்கள் அவரைத் ‘தாத்தா’ என்றே அழைத்தனர். பயிற்றுநர் ஜோ மேடனோ, வீரர் அனைவரையும் இரவு உடை அணிந்து விமானம் ஏறச் செய்து சிரிப்பூட்டியவர்!

2016-இல் அவ்விருபத்தைவர் குழு 103 ஆட்டங்களில் வென்றது. ஆயினும் ஒருவருக்கு அவ்வாண்டு துயரமாய் அமைந்தது. ஜேசன் ஹேவர்ட் என்பவரை 18 கோடியே 40 இலட்சம் டாலர் ஒப்பந்தத்தில் அமர்த்தியிருந்தனர். பந்து பிடிப்பதில் வல்ல அவர், மட்டை பிடித்த நூறு முறையில் இருபத்துமூன்று முறையே நன்கு அடித்தார். ஏட்டுக் கணக்கின்படி அது பெருநட்டம்.

உலகத் தொடரில் கிளீவ்லாந்துக் குழு மூன்று ஆட்டங்களிலும், சிகாகோ ஒன்றிலும் வென்றிருந்தன. இன்னும் ஒரு தோல்வி நேரின் எல்லாம் முடிந்துவிடும். சிகாகோ அடுத்த இரண்டையும் வென்றது. நவம்பர் 2-ஆம் நாள் ஏழாம் ஆட்டம் கிளீவ்லாந்தில் நிகழ்ந்தது. இடையில் களம் புகுந்த ராஸ் பந்தைத் தவறாக எறிந்தார். லெஸ்டர் எறிந்த பந்தொன்று அவர் முகக்கவசத்தில் மோதி விலகி ஓட, எதிரிகள் இரண்டு ஓட்டம் பெற்றனர். அடுத்த முறையே அந்தத் ‘தாத்தா’, தம் முப்பத்தொன்பதாம் வயதில், பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடித்தார்! உள்ளம் நடுங்குகிறது என்று ரிசோ அவரிடம் கூற, மூச்சை விடுவதொன்றே நம்மால் ஆவது என்ற பொருள்படத் தேற்றினார். எட்டாம் முறையில் கிளீவ்லாந்து மூன்று ஓட்டம் பெற்று ஆறுக்கு ஆறு எனச் சமன் செய்தது. வெற்றி நழுவியது போலவே இருந்தது. ஒன்பது முறையும் முடிந்தபோது மழை பொழிந்தது.

ஆட்டம் நின்றது 17 நிமிடமே. அவ்விடைவேளையில் ஹேவர்ட் தோழர்கள் அனைவரையும் உடற்பயிற்சி அறைக்கு அழைத்தார். நீங்களே சிறந்த குழுவினர், இதுவரை வந்த வழியை மறவாதீர், ஒருவருக்கொருவர் துணை நில்லுங்கள் என்று உரைத்தார். வெற்றி பெற்ற வீரர் கூறியிருந்தால் அதனைப் புகழுரை என்று தள்ளியிருக்கலாம். ஆண்டு முழுதும் துவண்டும் முகம் சுளியாதிருந்தவர் கூறினார், யாவரும் கேட்டனர்.

மழை நின்றது. காலில் காயமுற்று ஆண்டெல்லாம் ஆடாதிருந்து உலகத் தொடருக்கே திரும்பிய கைல் சுவார்பர் முதலில் அடித்தார். பின்னர் பென் சோப்ரிஸ்டும் மிகேல் மான்டேரோவும் அடிக்க, இரண்டு ஓட்டங்கள் வந்தன. எட்டுக்கு ஏழு என்று சிகாகோ வென்றது. ஹேவர்டின் சொல்லே வென்றது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. அவ்விடைவேளையில் எதிர்க்குழுவின் எறிவீரருடைய கை குளிர்ந்ததும் ஒரு காரணமாகலாம். ஆயினும் இருபத்தைவரும் அவ்வறைக்குச் செல்ல மனங்கொண்டது மழையால் விளைந்ததன்று. ஐந்தாண்டு உழைப்பால் விளைந்தது என்றே நான் கருதுகிறேன்.

கடைசிப் பந்தை எடுத்தெறிந்தவர் பிரையன்ட், பிடித்தவர் ரிசோ. இருவரும் 2021 ஜூலை 29, 30 ஆகிய நாட்களில் வேறு வேறு குழுக்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களோடு ஆடிய ஹாவியர் பாயஸும் அப்போதே நீங்கினார். அவ்வேளை கப்ஸ் குழுவின் பயிற்றுநராக இருந்தவர் அந்தப் பழைய ‘தாத்தா’ ராஸ்தான். தம் தோழர்களை வழியனுப்பிவிட்டு, அவர் மறுநாள் ஆட்டத்தைத் தொடங்கினார்.