புது டிராக்டரைக் கைமாற்றும் முன்



வாங்கி ஓர் ஆண்டு ஓடாத டிராக்டரை விற்க நினைப்பவர்கள் பலருக்கு வண்டியில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. நிலத்துக்கு மீறிய குதிரைத்திறன், எதிர்பார்த்தபடி வராத வாடகை உழவு, மாதாமாதம் வந்து நிற்கும் தவணை, சேற்றில் திணறும் இரு சக்கர இழுவை என்று காரணம் வேறு எங்கோ இருக்கும். வண்டியை மாற்றினால்தான் தீரும் குறையா, கருவியை மாற்றினாலே தீருமா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கேஜ் வீல் போடாமல் நடவு வயலில் இறக்கிய வண்டி புதையத்தான் செய்யும். தன் சக்திக்கு மேற்பட்ட அகலமுள்ள ரோட்டவேட்டரை மாட்டினால் எந்த எஞ்சினும் இரைக்கும். இதற்காக வண்டியை விற்பது வீண். தவணைதான் சுமை என்றால், அதை அறுவடையை ஒட்டிய அரையாண்டுத் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று கடன் கொடுத்த இடத்தில் கேட்டுப் பார்ப்பது விற்பதைவிட மலிவான வழி.

இத்தனைக்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால், வாங்கிய விலையை மறந்துவிட வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் ஏறிய அன்றே வண்டி பழைய வண்டியாகிவிடுகிறது. மதிப்பின் பெரிய சரிவு அப்போதே முடிந்துவிடும். வாங்க வருபவர் பார்ப்பது இன்றைய புது வண்டியின் விலையை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 7,00,000 ரூபாய் உள்ள வண்டி அதற்கு முன்பு 7,84,000, பிறகு 7,35,000. குறைப்புக்கு முன் வாங்கியவர் ஒரு மணி நேரம்கூட ஓட்டாமல் 49,000 ரூபாயை இழந்துவிட்டார். பழைய ரசீதைக் காட்டி விலை பேசுவதில் பயனில்லை.

விலையைத் தீர்மானிப்பவை வேறு சில. மீட்டரில் ஓடிய மணி நேரம், டயர் தேய்மானம், சர்வீஸ் கூப்பன்கள் ஒழுங்காகக் கிழிக்கப்பட்டிருப்பது ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். பலர் கவனிக்காதது தயாரிப்பு மாதமும் ஆண்டும். டிசம்பரில் தயாராகி ஜனவரியில் பதிவான வண்டியைச் சந்தை ஒரு வயது கூட்டியே மதிக்கும். வாரண்டி மீதமிருப்பது நல்ல விற்பனைச் சரக்கு. ஆனால் அது அடுத்த உரிமையாளருக்குத் தொடருமா என்பதை வாரண்டி புத்தகத்தில் படித்துவிட்டே சொல்ல வேண்டும். மானியத்தில் வாங்கிய வண்டி என்றால், அப்போது கையெழுத்திட்ட உறுதிமொழியில் விற்பனைத் தடை இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியாமல் பேச்சையே தொடங்கக் கூடாது.

அடுத்தது கடன். தொடக்கத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம். அசல் மெதுவாகத்தான் கரையும். ஆகவே ஓர் ஆண்டுக் கடைசியில் கடன் பாக்கி வண்டியின் சந்தை விலையைத் தாண்டி நிற்பதும் உண்டு. அந்த வித்தியாசத்தைக் கையிலிருந்து போட்டால்தான் வண்டி விலகும். முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் உட்பட மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, அதைக் கழித்துக் கைக்கு வருவது எவ்வளவு என்று பார்ப்பதே சரியான கணக்கு.

எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதா, நேராக விற்பதா என்ற கேள்விக்கும் விடை ஒரு வித்தியாசக் கணக்கில்தான் இருக்கிறது. ஷோரூமில் பழைய வண்டிக்கு நல்ல விலை சொல்லி, புது வண்டியில் தர வேண்டிய தள்ளுபடியை விழுங்கிவிடுவது பழகிய வித்தை. ஒரு டீலர் பழையதற்கு 6,00,000 தருகிறார், புது வண்டி 8,80,000 என்கிறார். மேலே கட்ட வேண்டியது 2,80,000. இன்னொருவர் பழையதற்கு 5,60,000தான் தருகிறார், புதியதை 8,20,000க்குக் கொடுக்கிறார்; கட்ட வேண்டியது 2,60,000. குறைத்து மதித்தவரிடமே 20,000 மிச்சம். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் புது வண்டி என்ன விலை என்பதை முதலில் எழுதி வாங்கிவிட்டு, அதன் பிறகே பழைய வண்டியைக் காட்ட வேண்டும். நேர் விற்பனையில் விலை கூடுதலாகக் கிடைக்கலாம். அதிலிருந்து தரகர் கமிஷனும், விற்கும் வரை ஓடும் வட்டியும் கழியும். இந்தக் கழிவுக்குப் பிறகும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டுமே நேர் விற்பனையின் அலைச்சல் தகும்.

காவிரி டெல்டாவில் விற்கும் காலத்துக்கும் விலை உண்டு. மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. அதையொட்டிக் குறுவை உழவுக்கு வண்டி தேடுபவர்கள் மே மாதத்திலேயே விசாரிக்கத் தொடங்குவார்கள். உழவு முடிந்த பிறகு விற்க வருபவர் அவசரக்காரர் என்று தரகருக்கு உடனே தெரிந்துவிடும்.

பணம் வாங்கிச் சாவி கொடுத்ததும் விற்பனை முடிந்தது என்று நினைப்பதில்தான் பெரும் ஆபத்து. ஆர்.சி.யில் பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு பழையவர் தலையிலேயே விழும். பல கை மாறிய ஒரு காரின் வழக்கில், பதிவேட்டில் இருந்த முதல் உரிமையாளரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன் முடிந்ததும் நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யோடு படிவம் 35 கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள எச்.பி. என்ற கடன் அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். படிவம் 29இல் விற்பனை அறிவிப்பை, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள், விற்றவரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். இதை வாங்கியவரிடம் விட்டுவைக்கக் கூடாது. நிரப்பாத படிவங்களில் கையெழுத்திட்டுத் தருவது ஊர் வழக்கமாகவே இருந்தாலும் மோசமான வழக்கம். எக்ஸ்சேஞ்சில் போகும் வண்டி அடுத்த ஆள் கிடைக்கும் வரை பழையவர் பெயரிலேயே கிடக்கும். பழைய வண்டி விற்பனைக்குப் பதிவு பெற்ற டீலர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் தனி விதிகள் உள்ளன. வண்டி அப்படிப்பட்ட டீலர் கைக்குப் போனதைப் படிவம் 29சி வழியாக அறிவித்துவிட்டால் பொறுப்பு டீலருடையதாகிவிடும். அந்தப் பதிவு டீலரிடம் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருப்பதால் பணம் வங்கி வழியே வரட்டும். ஒப்படைப்புச் சீட்டில் தேதியோடு நேரத்தையும் குறித்து, வாங்குபவரின் ஆதார் நகலையும் சேர்த்து வைக்க வேண்டும். டிரெய்லரும் சேர்ந்து போகிறது என்றால் அதற்குத் தனி ஆர்.சி. இருக்கும், பெயர் மாற்றமும் தனியாகவே செய்ய வேண்டும்.