வண்ணமிட்ட துண்டுகள் எத்தனை? வட்டம் எவ்வளவு? – பெற்றோருக்கு ஒரு பின்னப் பாடம்



நம் மாலை வகுப்புக்கு வரும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளை அண்மையில் புரட்டிப் பார்த்தோம். எட்டுச் சம துண்டுகளாகப் பிரித்த ஒரு வட்டம். அதில் மூன்று துண்டுகளுக்கு வண்ணம். அதைப் பின்னமாக எழுதச் சொல்லியிருந்தது. பலர் எழுதிய விடை 3/5. வண்ணமிட்டவை மூன்று, மீதி ஐந்து என்று எண்ணி, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டார்கள். சரியான விடை 3/8.

பிள்ளைகள் எண்ணியது சரிதான். ஆனால் 'மொத்தம் எத்தனையில் மூன்று?' என்று கேட்க மறந்துவிட்டார்கள். இதைச் சிறு பிழை என்று விட்டுவிட நமக்கு மனமில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் பாடம்.

வட்டத்தைப் பார்த்ததும் பிள்ளை மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்க வேண்டும்.

1. முழு வட்டம் எது?
2. துண்டுகள் எல்லாம் சம அளவா? சமமில்லை என்றால் எண்ணிப் பயனில்லை. ஒரு ரொட்டியைப் பெரிதும் சிறிதுமாக நாலாகப் பிய்த்தால், ஒரு துண்டு கால் ரொட்டி ஆகாது.
3. மொத்தம் எத்தனை துண்டு? அது கோட்டுக்குக் கீழே. அதன் பெயர் பகுதி. வண்ணமிட்டவை எத்தனை? அது கோட்டுக்கு மேலே. அதன் பெயர் தொகுதி.

வீட்டில் இதைச் செய்து காட்டக் காசு எதுவும் தேவையில்லை. ஒரு சாப்பாட்டுத் தட்டைப் பழைய காகிதத்தின் மேல் கவிழ்த்து, சுற்றி வரைந்து வெட்டுங்கள். ஒருமுறை மடித்தால் அரை. மறுபடி மடித்தால் கால். இன்னொரு முறை மடித்தால் அரைக்கால், அதாவது 1/8. இந்த 'அரைக்கால்' என்ற சொல் பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டில் பாட்டிமார் இருந்தால் கேட்கச் சொல்லுங்கள். காலில் பாதி அரைக்கால் என்று பெயரிலேயே கணக்கு இருக்கிறது.

பிரித்துப் பார்த்தால் எட்டு மடிப்புத் துண்டுகள் தெரியும். இரண்டுக்கு வண்ணமிடச் சொல்லுங்கள். அது 2/8, அதுவே கால் வட்டமும்தான். அப்படியே இன்னொன்றையும் கேளுங்கள்: 'கால் பெரிதா, அரைக்கால் பெரிதா?' நாலைவிட எட்டு பெரிது என்பதால் 1/8-தான் பெரிது என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. காகிதத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை அப்படிச் சொல்லாது.

பெரியவர்களான நாமும் இதே இடத்தில் தடுமாறுகிறோம். பெருநாளுக்குத் துணி எடுக்க தி.நகர் போகிறோம். '50 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் 20 சதவீதம்' என்று பலகை. மொத்தம் 70 என்று மனம் கூட்டிவிடுகிறது. 1,000 ரூபாய்த் துணி முதலில் 500 ஆகிறது. அடுத்த 20 சதவீதம் அந்த 500-க்குத்தான். 100 ரூபாய் குறையும். நாம் கொடுப்பது 400. தள்ளுபடி 60 சதவீதம். இரண்டாம் முறை கழிக்கும்போது வட்டம் சிறிதாகிவிட்டது. அதை நாம் கவனிக்கவில்லை.

துணிக்கடையில் நூறு ரூபாய்தான் போகும். பாகப்பிரிவினையில் ஒருவருடைய உரிமையே போய்விடும்.

கணவரை இழந்த ஒரு சகோதரி சில காலத்துக்கு முன் நம் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு மகன், ஒரு மகள். குடும்பத்தார் எழுதிக் கொடுத்த தாளில் 'மனைவிக்கு 1/8' என்று இருந்தது. பின்னம் சரி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. ஆனால் அந்த எட்டில் ஒன்றை வங்கியில் இருந்த பணத்துக்கு மட்டும் போட்டிருந்தார்கள். வீட்டை விற்கப் போவதில்லை என்பதால் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வேண்டுமென்று செய்ததாக நமக்குத் தோன்றவில்லை. வட்டத்தைச் சிறிதாக வரைந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

எளிமைக்காக எண்களை மாற்றிச் சொல்கிறோம். வங்கியில் 8 லட்சம், வீடு 40 லட்சம் என்று வையுங்கள். 8 லட்சத்தில் 1/8 என்றால் 1 லட்சம். 48 லட்சத்தில் 1/8 என்றால் 6 லட்சம். பின்னம் ஒன்றுதான், வட்டம் வேறு.

அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே வட்டம் வரைந்தோம். எட்டுத் துண்டு, ஒன்று தாய்க்கு. மீதி ஏழு, மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று மூன்றாகப் பிரிய வேண்டும். ஏழு மூன்றாகச் சரியாகப் பிரியாது. எனவே ஒவ்வொரு துண்டையும் மூன்றாக வெட்டினோம், மொத்தம் 24. தாய்க்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. கூட்டிப் பார்த்தால் 24. ஒரு துண்டு 2 லட்சம். ஆக 6, 28, 14 லட்சம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அந்தச் சகோதரி தாமே துண்டுகளை எண்ணிச் சரிபார்த்தார். பிறகு ஆலிம் ஒருவர் முன்னிலையில் குடும்பத்தாரும் ஒப்புக்கொண்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

அந்நிஸா அத்தியாயத்தின் வாரிசுரிமை வசனங்களில் வரும் பங்குகள் ஆறு: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. எல்லாம் ஐந்தாம் வகுப்புப் பின்னங்கள். இந்தப் பங்குகளைக் கணக்கிடும் தேவை அறிஞர்களையும் உழைக்க வைத்தது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் பெயரிலிருந்துதான் 'அல்ஜீப்ரா' என்ற சொல் வந்தது. அந்நூலில் ஒரு பெரிய பகுதி வாரிசுரிமை, மரண சாசனக் கணக்குகள்.

பங்கு வைப்பதற்கு முன் முழு வட்டத்தைச் சரியாக வரைய ஒரு வரிசை உண்டு. இறந்தவர் விட்டுச் சென்ற அனைத்தையும் எழுத வேண்டும். அதிலிருந்து அடக்கச் செலவு, பிறகு கடன் கழிய வேண்டும். கொடுக்காமல் நின்ற மஹரும் கடன்தான். பிறகு மூன்றில் ஒன்றுக்கு மிகாத மரண சாசனம். மீதிதான் வட்டம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாரிசுகள் வேறுபடுவதால், ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் காட்டாமல் முடிவு செய்ய வேண்டாம்.

இந்த வாரம் வீட்டில் பிள்ளைகளோடு செய்ய ஒரு கணக்கு. வரிசைக்கு எட்டாக ஐந்து வரிசைக் கட்டங்கள் போடுங்கள், மொத்தம் 40. ஒரு கட்டத்துக்கு மட்டும் வண்ணமிடச் சொல்லுங்கள். அதுதான் ஜகாத், 1/40. சேமிப்பு 80,000 ரூபாய் என்றால் ஒரு கட்டம் எவ்வளவு? விடை 2,000 என்று வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். 'எந்த முழுமையில் நாற்பதில் ஒன்று?' என்றும் கேளுங்கள். பணம் மட்டுமா, பெட்டியில் இருக்கும் நகையுமா, கடையில் இருக்கும் சரக்குமா?

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை தன் பங்கையும் விடாது, பிறர் பங்கையும் எடுக்காது, இன்ஷா அல்லாஹ்.