சந்தாவும் சரக்கும்: பிரிட்டன் – ஐரோப்பிய ஒன்றியக் கணக்கு தரும் பாடம்

சங்கச் சந்தா வசூலுக்கு நிர்வாகிகள் கடை வாசலில் வந்து நிற்கும்போது, "இந்தச் சங்கத்தால் எனக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்காத வியாபாரி குறைவு. கேட்பதில் தவறில்லை. பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்பதில்தான் லாப நஷ்டமே அடங்கியிருக்கிறது.

இதே கேள்வியை ஒரு நாடு 47 ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் சந்தாவை நிறுத்திவிட்டு வெளியேறியும் விட்டது. அந்த நாடு பிரிட்டன். அந்தச் சங்கம் ஐரோப்பிய ஒன்றியம். அரசியலை ஒதுக்கி வைத்துவிட்டு, பேரேடு புரட்டும் வணிகரின் கண்ணோடு இந்தக் கணக்கைப் படிப்போம்.

உறுப்பினர் ஆன விதம்

1973 ஜனவரி 1 அன்று அயர்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகளுடன் பிரிட்டனும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1975 ஜூன் மாதம், "இருக்கலாமா, விலகலாமா?" என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. நூற்றுக்கு 67 பேர் இருக்கலாம் என்றார்கள். 1993 நவம்பரில் அந்த அமைப்பு ஐரோப்பிய ஒன்றியம் ஆயிற்று.

சந்தா கணக்கிடும் முறை

ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே அளவான சந்தா அங்கே இல்லை. முக்கியமாக மூன்று இனங்களில் பணம் போயிற்று.

1. சுங்க வரி: ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே விகிதத்தில் வரி வசூலிக்க வேண்டும். வசூல் செலவுக்கென ஒரு பகுதியை அந்த நாடு வைத்துக்கொள்ளலாம். மீதி ஒன்றியத்தின் பணம்.

2. மதிப்புக் கூட்டு வரி: நாம் 'வாட்' என்று அறிந்த அதே வரிதான். அதன் அடிப்படையில் ஒரு சிறு பங்கு.

3. தேசிய வருமானம்: 1988 முதல் சேர்ந்த இனம். வருமானம் அதிகமுள்ள நாடு அதிகம் கொடுக்கும்.

பிரிட்டனுக்குச் சிக்கல் வந்தது செலவுப் பக்கத்தில். 1980-களின் தொடக்கத்தில் அந்த அமைப்பின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விவசாய மானியத்துக்கே போயிற்று. பிரிட்டனில் விவசாயிகள் குறைவு. நியூசிலாந்து வெண்ணெய் போல உணவுப் பொருள்களை வெளியிலிருந்து வாங்கிப் பழகிய நாடு அது. ஆகவே இறக்குமதி செய்யும்போது கட்டிய வரி ஒன்றியத்துக்குப் போயிற்று. மானியமோ பெரும்பாலும் பிற நாட்டு விவசாயிகளுக்குப் போயிற்று. மளிகைக் கடைக்காரர் கட்டும் சந்தாவில் காய்கறி வியாபாரிகளுக்குக் குளிர்பதனக் கிடங்கு கட்டினால் அவர் மனம் எப்படி இருக்கும்? அந்த மனத்தாங்கல்தான் அங்கேயும்.

போராடிப் பெற்ற ரிபேட்

1979-இல் பிரதமரான மார்கரெட் தாட்சர், அந்த ஆண்டு நவம்பரில் டப்ளினில் கூடிய மாநாட்டிலேயே இதை எழுப்பினார். ஐந்து ஆண்டுகள் இழுபறி. 1984 ஜூனில், பிரெஞ்சு அதிபர் மித்தரான் தலைமையில் ஃபோன்டன்புளோ நகரில் நடந்த மாநாட்டில் முடிவு ஏற்பட்டது. கொடுப்பதற்கும் திரும்பப் பெறுவதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவீதம், பிரிட்டனுக்குத் தள்ளுபடி.

ஒருவருக்குத் தள்ளுபடி என்றால் அந்தப் பணத்தை வேறொருவர் கொடுத்தாக வேண்டும். மற்ற உறுப்பு நாடுகள் அதைப் பங்கிட்டுச் சுமந்தன. ஏற்கெனவே அதிகம் கொடுத்துவந்த ஜெர்மனி போன்ற சில நாடுகள், தமது பங்கைக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்று தனிச்சலுகை பெற்றன. ஆக, தள்ளுபடிக்கும் ஒரு தள்ளுபடி! எல்லா நாடுகளும் சம்மதித்தால் ஒழிய ரிபேட்டை மாற்ற முடியாது என்பதால், பிரிட்டன் விலகும் வரை அது நீடித்தது.

2015-ஆம் ஆண்டுப் பற்று வரவு

விலகுவதற்கான வாக்கெடுப்புக்கு முந்திய ஆண்டுக் கணக்கைச் சுமாராக எழுதினால் இப்படி வரும்:

பட்டியல் தொகை – 1,780 கோடி பவுண்டு
கழிக்க: ரிபேட் – 490 கோடி
உண்மையில் கட்டியது – 1,290 கோடி
கழிக்க: விவசாயம், பின்தங்கிய பகுதி வளர்ச்சி முதலியவற்றுக்காகத் திரும்பி வந்தது – 440 கோடி
நிகரச் செலவு – 850 கோடி பவுண்டு

வாரக் கணக்காக்கினால் பட்டியல் தொகை 34 கோடி. கட்டியது 25 கோடி. நிகரம் 16 கோடி. மூன்றும் ஒரே கணக்கிலிருந்து வருபவைதான். ஆனால் 2016-இல் விலகச் சொன்ன தரப்பினர் ஒரு சிவப்புப் பேருந்தின் மேல், வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்றும், அதை மருத்துவ சேவைக்குக் கொடுக்கலாம் என்றும் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். ரிபேட் தொகை முன்னதாகவே கழிக்கப்பட்டது. அந்தப் பணம் லண்டனை விட்டுப் போகவே இல்லை. அது தவறான எண்ணத்தைத் தரும் என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே சொன்னது. ஆனாலும் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இருக்கச் சொன்ன தரப்பும் முழுச் சுத்தம் அல்ல. விலகினால் 2030-இல் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்டு நஷ்டம் என்று நிதித்துறை கணக்குக் காட்டியது. அது எந்தக் குடும்பத்தின் கைப்பணமும் அல்ல. நாட்டின் மொத்த உற்பத்தியில் எதிர்பார்த்த குறைவைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்த தொகை.

2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்று வாக்களித்தார்கள். சந்தா மட்டும் காரணம் அல்ல. சட்டம் இயற்றும் உரிமை, வெளிநாட்டவர் குடியேற்றம் ஆகியவையும் பெரிய காரணங்கள். அவற்றை ரூபாய் பைசாவில் எழுத முடியாது.

பேரேட்டில் ஏறாத வரவு

சந்தாவுக்குப் பதிலாகக் கிடைத்த முக்கியமான பலன் எந்த வரவுப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. 1993 ஜனவரி முதல் உறுப்பு நாடுகளிடையே லாரிகள் சுங்கப் பத்திரம் இல்லாமல் எல்லை கடந்தன. பிரிட்டன் இறக்குமதியில் பாதிக்கு மேலும், ஏற்றுமதியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் ஒன்றியத்தோடுதான். உள்ளூரில் சரக்கு எடுப்பதுபோல ஒரு கடைக்காரர் பிரான்சிலிருந்து சரக்கு எடுக்க முடிந்தது.

2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் விலகியது. அந்த ஆண்டு டிசம்பர் வரை பழைய முறையே தொடர்ந்தது. பிறகு வந்த ஒப்பந்தத்தின்படி, இரு தரப்பிலும் உற்பத்தியான சரக்குக்குச் சுங்க வரி கிடையாது. ஆனால் பத்திரம் உண்டு: சுங்க அறிக்கை, எந்த நாட்டில் உற்பத்தி என்ற சான்று, இறைச்சி, பால் பொருள்களுக்குக் கால்நடை மருத்துவர் சான்று.

2024 ஏப்ரல் 30 முதல் டோவர் துறைமுகம், கால்வாய்ச் சுரங்கப்பாதை ஆகியவற்றின் வழியாக வரும் உணவு, செடி வகைகளுக்கு ஒரு கட்டணமும் சேர்ந்தது. ஒரு வகைச் சரக்குக்கு 29 பவுண்டு வரை. ஒரு லோடுக்கு அதிகபட்சம் 145 பவுண்டு. சோதனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்ட வேண்டும். இதன் பாரம் யார் மேல் என்று பாருங்கள். 50,000 பவுண்டுக்குச் சரக்கு எடுக்கும் பெரிய நிறுவனத்துக்கு 145 என்பது நூற்றுக்கு 30 பைசா கூட இல்லை. ஐந்து வகையாக 1,000 பவுண்டுக்குச் சரக்கு எடுக்கும் சிறு கடைக்காரருக்கோ நூற்றுக்கு பதினாலரை. சந்தா பாரம் அரசாங்கத்தின் மேல் இருந்தது. பத்திரச் செலவு கடைக்காரர் தலையில் விழுந்தது.

இந்தச் சோதனைகளைக் குறைக்க உணவு, தாவரப் பொருள்களுக்குப் பொது விதிமுறை ஒப்பந்தம் பேசுவதென்று 2025 மே மாதம் இரு தரப்பும் சம்மதித்தன.

பிரியும்போது தீர்த்த பாக்கி

கூட்டுக்கடையில் பங்கு பிரியும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. உறுப்பினராக இருந்தபோது ஒப்புக்கொண்ட திட்டச் செலவுகள், ஊழியர் ஓய்வூதியம் முதலியவற்றில் தன் பங்கைக் கொடுக்க பிரிட்டன் சம்மதித்தது. மொத்தம் 3,500 முதல் 3,900 கோடி பவுண்டு ஆகலாம் என்று அதன் நிதித்துறை மதிப்பிட்டது. வரவும் உண்டு: ஐரோப்பிய முதலீட்டு வங்கியில் பிரிட்டன் போட்டிருந்த 350 கோடி யூரோ முதல் 12 ஆண்டுத் தவணையில் திரும்ப வேண்டும். ஆனால் முதல் மட்டும்தான். அந்த வங்கியில் சேர்ந்திருந்த லாபத்தில் பங்கு இல்லை.

இன்னொரு பழைய பாக்கி நமக்கெல்லாம் எச்சரிக்கை. சீனாவிலிருந்து வந்த துணி, காலணிகளுக்கு மிகக் குறைந்த விலையில் பில் போட்டு இறக்கினார்கள். பிரிட்டன் சுங்கத்துறை பல ஆண்டுகள் அதைத் தடுக்கவில்லை. சுங்க வரி ஒன்றியத்தின் பணம் அல்லவா? வழக்குத் தொடர்ந்தார்கள். 2022 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டன் மீது தவறு என்று தீர்ப்பளித்தது. வட்டியும் சேர்த்துச் சுமார் 230 கோடி பவுண்டு கட்டினார்கள். குறைத்து பில் போட்டவர் லாபம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பாக்கியைக் கட்டியது பொதுமக்களின் வரிப்பணம்.

வெளியே போன பிறகும் சந்தா முழுவதும் நின்றுவிடவில்லை. விஞ்ஞான ஆராய்ச்சிக்கான ஹொரைசன் திட்டத்தில் 2024 ஜனவரி முதல் பிரிட்டன் மீண்டும் பணம் கட்டிச் சேர்ந்தது.

நாம் குறித்துக்கொள்ள வேண்டியவை

1. எந்தச் சந்தாவையும், ஏஜென்சிக் கட்டணத்தையும் பட்டியல் தொகையைக் கொண்டு மட்டும் எடை போடக்கூடாது. தள்ளுபடியும் திரும்பி வந்ததும் கழித்த நிகரமே உண்மைத் தொகை.

2. நிகரம் செலவாக இருப்பதாலேயே நஷ்டம் என்று ஆகாது. அதனால் மிச்சமான நேரம், அலைச்சல், பத்திரச் செலவு ஆகியவற்றை ஒரு தாளில் தனியாக எழுதிப் பாருங்கள்.

3. குறை இருந்தால் உள்ளே இருந்து கேட்டுப் பெற வழி உண்டு. பிரிட்டன் பெற்ற ரிபேட்டே சாட்சி. அதற்கு ஐந்து ஆண்டுப் பொறுமை வேண்டியிருந்தது.

4. விலகுவதே சரி என்று தோன்றினால் விலகலாம், அது உரிமை. ஆனால் தீர்க்க வேண்டிய பாக்கியையும், இனித் தனியாகச் சுமக்க வேண்டிய செலவையும் முன்கூட்டியே எழுதிப் பார்த்துவிட்டு விலக வேண்டும்.

அடுத்த முறை சந்தாப் புத்தகத்தோடு யாராவது வந்தால், கணக்குக் கேளுங்கள். கேட்கும் முன் நம் கணக்கையும் ஒரு முறை முழுதாகப் போட்டு வைத்திருப்போம்.