மாப்பிள்ளை குடிக்காவிட்டால் என்ன?

அன்புள்ள பூங்குழலி,

ஜூலைக் கடைசியில் வருகிற முதல் கல்யாண நாளுக்கு நாபா பள்ளத்தாக்குக்குப் போக ஆசை என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை ஒரு சொட்டுக்கூடக் குடிக்கமாட்டாரே, அவரை ஒயின் ஊருக்கு இழுத்துக்கொண்டு போவது தண்டனை மாதிரி ஆகிவிடாதா என்றும் கேட்டிருக்கிறாய். எல்லாரும் போகிற மாதிரி போனால் ஆகத்தான் செய்யும்.

எல்லாரும் எப்படிப் போகிறார்கள்? சனிக்கிழமை காலையில் கிளம்பி, 29ஆம் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, மூன்று நான்கு ஒயின் ஆலைகளில் ஏறி இறங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார். ஒரு ஆலையில் சுவைபார்க்க ஐந்து வகை ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் 45 மில்லி என்று வைத்தால் 225 மில்லி. மூன்று ஆலைகளுக்கு 675. ஒரு புட்டியே 750 மில்லிதான்! மூன்றாவது ஆலையில் எதை ஊற்றினாலும் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. குடிக்காத துணை நாள் முழுக்கக் கார் சாவியும் கையுமாக நிற்கும். அதற்கு எதற்கு இரண்டு பேர்?

ஒரு நாளைக்கு இரண்டு ஆலை போதும். மீதி நேரம் தோட்டத்துக்கு. கண்ணாடிக் கோப்பைக்காகப் போகாதே, நிலத்துக்காகப் போ. அதைப் பார்க்க மாப்பிள்ளை குடிக்க வேண்டியதில்லை.

நம் தாத்தா ஊர் கம்பம் என்பதால் திராட்சை உனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே பார்க்கப்போவது வேறு பயிர் மாதிரியே இருக்கும். நம் ஊரில் கல்தூண் நட்டுப் பந்தல் போட்டுக் கொடியைத் தலைக்கு மேலே படரவிடுவார்கள். நிழலில் குனிந்து நடப்போம். நாபாவில் கம்பி கட்டி, வேலி மாதிரி வரிசை வரிசையாக நிற்கவைப்பார்கள். கம்பத்தில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் கொடி தூங்குவதில்லை. விவசாயி கவாத்து செய்யும் நாளைப் பொறுத்துக் காய்ப்பு வரும். ஆண்டு முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் பறிப்பு நடக்கும். நாபாவில் கொடி குளிரில் இலை உதிர்த்து உறங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. அந்த ஆண்டின் மழையும் வெயிலும் காட்டுத்தீப் புகையும் அந்த ஒரே அறுவடையில்தான் ஏறும். புட்டியின் மேல் ஆண்டை அவ்வளவு அக்கறையாக அச்சடிப்பது அதனால்தான்.

நீங்கள் போகிற சமயம் அருமையானது. ஜூலைக் கடைசியில்தான் சிவப்பு வகைப் பழங்கள் நிறம் மாறத் தொடங்கும். ஒரே குலையில் பச்சை, இளஞ்சிவப்பு, கருநீலம் மூன்றும் இருக்கும். பழுக்கப் பழுக்க இனிப்பு ஏறும், புளிப்பு இறங்கும். எந்த நாளில் இரண்டும் சரியாக நிற்கிறதோ அன்றைக்குப் பறிக்க வேண்டும். நுரைக்கும் ஒயினுக்கான பழத்தைப் புளிப்பு குறையுமுன்பே, ஆகஸ்டிலேயே எடுப்பார்கள். காபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு வகை செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்கும். பெரும்பாலும் இராத்திரியில், விளக்கு வெளிச்சத்தில் பறிப்பு நடக்கும், பழம் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக. பறிப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிக்கோவிலிருந்து வந்த குடும்பத்தினர். அவர்கள் தங்கும் விடுதிகளுக்காக நாபாவின் தோட்டக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று தங்கள் மேலேயே ஒரு வரி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆலையில் யாரும் தானாக இதைச் சொல்லமாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள், கேள்.

பள்ளத்தாக்கு முப்பது மைல் நீளம். அகலம் ஐந்து மைலுக்குள். மேற்கே மயாகமாஸ் மலை, கிழக்கே வாகா மலை. தெற்கு வாய் சான் பாப்லோ வளைகுடாவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. பகலில் உள்நாடு காய்ந்து சூடான காற்று மேலே எழும்ப, கடலின் குளிர்காற்றும் மூடுபனியும் அந்த வாய் வழியாக உள்ளே வரும். அதனால் தெற்கே கார்னெரோஸ் குளிர்ச்சி. அங்கே பினோ நுவார், ஷார்டனே வகைகள். வடக்கே கலிஸ்டோகா பகலில் கொளுத்தும், அங்கே காபர்னே. இராத்திரி இரண்டு இடமும் குளிரும். வெயில் இனிப்பைக் கொடுக்க, குளிர்ந்த இரவு புளிப்பைக் காப்பாற்றும். உனக்கு இதில் பிரயாணக் குறிப்பும் இருக்கிறது: காலையில் வடக்கே போய்விடு, வெயில் ஏறிய பிறகு தெற்கே இறங்கு. நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே சில்வராடோ சாலையில் போ. நெரிசல் குறைவு, இரண்டு பக்கமும் தோட்டம். ஜூலைதானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதே.

இந்தத் தோட்டமெல்லாம் தானாகத் தப்பிப் பிழைத்தது என்று நினைத்துவிடாதே. நீ வேலை பார்க்கிற சன்னிவேல் ஒரு காலத்தில் ஆப்ரிகாட், பிளம் தோப்பு. இன்றைக்கு ஒரு மரம் பார்க்கத் தேட வேண்டும். நாபாவும் அப்படித்தான் போயிருக்கும். 1968இல் அந்த மாவட்டம் பள்ளத்தாக்கு நிலத்தை விவசாயத்துக்கென்று ஒதுக்கி, மனை போட முடியாதபடி சட்டம் செய்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். நிலத்துக்காரர்கள் எல்லாரும் கைதட்டி வரவேற்கவில்லை. மனை விலை போகிற நிலத்தை யார் சும்மா விடுவார்கள்? அந்தச் சண்டையைப் பற்றி மாப்பிள்ளைக்குச் சொல். சிவில் என்ஜினியர், ஒயினைவிட இது அவருக்கு ருசிக்கும்.

கல்யாண நாள் என்பதால் ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்கிறேன். ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1880 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ஃபேனியைக் கல்யாணம் செய்துகொண்டு, தேனிலவுக்கு வந்தது கலிஸ்டோகாவுக்குத்தான். உடம்பில் நோய், கையில் காசில்லை. விடுதிக்கு வாரம் பத்து டாலர் கொடுக்க முடியாமல், செயின்ட் ஹெலினா மலைச் சரிவில் கைவிடப்பட்ட சில்வராடோ வெள்ளிச் சுரங்கத்தில், தொழிலாளர்கள் தங்கிய பாழடைந்த கட்டடத்தில் கோடையைக் கழித்தார்கள். இடையில் ஜேக்கப் ஷ்ராம் என்ற ஜெர்மானியரின் தோட்டத்துக்குப் போய் ஒயினும் சுவைத்திருக்கிறார். 1883இல் ‘சில்வராடோ ஸ்குவாட்டர்ஸ்’ என்று அதையெல்லாம் புத்தகமாக எழுதினார். ஒரு இரவுக்கு ஆயிரம் டாலர் கேட்கும் விடுதிகள் இன்று அதே ஊரில் இருக்கின்றன. எழுத்தாளருக்கு அன்றைக்கே கட்டுப்படியாகவில்லை, உங்களுக்கு எதற்கு? அந்த இடம் இப்போது அவர் பெயரில் மாநிலப் பூங்கா. சாலையிலிருந்து ஒரு மைல் போல ஏறினால் நினைவுச்சின்னம். உச்சி 4,300 அடிக்கு மேல். அங்கிருந்து உச்சிக்குப் போகும் வழியில் நிழல் குறைவு. நினைவுச்சின்னத்தோடு திரும்பிவிடுங்கள், அதுவும் காலையிலேயே, ஆளுக்கு இரண்டு புட்டித் தண்ணீரோடு.

வரும் வழியில் ஷாட்டோ மாண்டலீனா என்ற ஒயின் ஆலை இருக்கிறது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, புட்டியை மறைத்து வைத்துப் பிரெஞ்சு நடுவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். வெள்ளையில் முதலிடம் இந்த ஆலையின் 1973 ஷார்டனேவுக்கு. சிவப்பில் முதலிடமும் நாபாவுக்கே, ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 காபர்னே. நடுவர்கள் பெயரைப் பார்க்காமல் சுவைத்ததால் வந்த புகழ் அது. இன்றைக்கு ஜனங்கள் அங்கே பெயரைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள். ஒரு பெரிய ஆலை பார். இன்னொன்று பெயர் கேள்விப்படாத சிறியதாக இருக்கட்டும். சிறியதில்தான் தோட்டத்தில் வேலை பார்க்கிறவரே வந்து பேசுவார்.

சுவைக்கும் முறை சுலபம். கோப்பையை மெல்லச் சுழற்று, முகர்ந்து பார், கொஞ்சம் வாயில் வைத்து உருட்டு. புளிப்பு எச்சில் ஊறவைக்கும். துவர்ப்பு ஈறைப் பிடிக்கும், பாக்கு மென்றது மாதிரி. பிறகு அதைத் துப்பலாம். அதற்கென்றே மேசைமேல் பாத்திரம் வைத்திருப்பார்கள். அசிங்கம் என்று கூச்சப்படாதே, தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஒயினின் ருசியில் பெரும்பங்கு வாசனைதான், அதனால் மாப்பிள்ளையும் முகர்ந்து பார்த்து உன்னோடு வாதாடலாம். ஒரு வேண்டுகோள், அன்றைக்குத் தலையில் மல்லிகைப்பூ வேண்டாம். பக்கத்து மேசைக்காரருக்கும் மல்லிகைதான் மணக்கும்.

முன்பதிவு செய்யும்போதே, குடிக்காத ஒருவர் கூட வருகிறார், அவருக்கும் கட்டணம் உண்டா, பழச்சாறு ஏதாவது தருவீர்களா என்று கேட்டுவிடு. வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாமா என்பதையும் கேள். பல ஆலைகளில் அனுமதி இல்லை. அனுமதி இருந்தால் எலுமிச்சை சாதம் கட்டு, மிளகாயைக் குறை. காரத்துக்கு மேல் காபர்னே குடித்தால் வாய் எரியும். வாங்கும் புட்டிகளை வெயிலில் நிற்கும் காரில் விடாதே, ஒரு மதியத்தில் கெட்டுவிடும். ஐஸ் பெட்டி எடுத்துப் போ. திறந்த புட்டி மீதமிருந்தால் மூடிப் பின்பெட்டியில் வை. இருக்கைப் பக்கம் வைத்தால், ஓட்டுகிறவர் குடிக்காதவராக இருந்தாலும் கலிஃபோர்னியாவில் குற்றம்.

இவ்வளவு செலவா என்று மாப்பிள்ளை யோசித்தால், நாபாவையே விட்டுவிடு. லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறீர்கள்? அங்கிருந்து சில மைலில் வென்டே, கன்கேனன் என்று இரண்டு ஆலைகள், இரண்டும் 1883இல் தொடங்கியவை. கலிஃபோர்னிய ஷார்டனே கொடிகளில் பெரும் பங்கு வென்டே தோட்டத்திலிருந்து வெட்டிப் போன குச்சிகளின் வாரிசுகள். நம் ஜனங்கள் அர்ச்சனை முடிந்து புளியோதரை வாங்கிக்கொண்டு நேராக நெடுஞ்சாலை ஏறிவிடுகிறார்கள். எனக்கு அந்த ஊர்தான் பிடிக்கும்.

எங்கே என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்து இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். கோடையில் சனி, ஞாயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். வியாழக்கிழமை விடுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
சித்தி