பிள்ளைகளுக்கு ஒரு பட்டறை: திருமங்கலமும் பள்ளப்பட்டியும் சொல்லித் தரும் பாடம்

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை காலை 9.18 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்ற புதிய சிறிய ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. அதில் ஆசாதிசாட் என்ற 8 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளும் இருந்தது. அதற்குள் 75 சிறு கருவிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிராம். அவற்றைச் செய்தவர்கள் நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளில் படித்த 750 மாணவிகள். அந்தப் பள்ளிகளில் ஒன்று நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி.

ராக்கெட் கிளம்பியது. ஆனால் செயற்கைக்கோள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியது, ஒரு பக்கம் 356 கிலோமீட்டர், மறு பக்கம் வெறும் 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டத்தில் விடப்பட்டது. 76 கிலோமீட்டரில் இன்னும் காற்று இருக்கிறது. அது இழுத்துக் கீழே தள்ளிவிடும். பிள்ளைகள் செய்தது வீணானது.

அடுத்த ஆண்டு 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 புறப்பட்டது. எடை 8.7 கிலோ. இந்த முறை 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாக நின்றது. இரண்டுக்கும் இடையே இருந்தது ஆறு மாதம்தான்.

இந்த ஆறு மாதத்தைப் பற்றியதே இந்தப் பாடம். நம் பிள்ளைகள் தேர்வில் ஒரு தடவை தவறினால் வீட்டில் பேச்சே மாறிவிடுகிறது. செய்து பார்க்கிற இடத்தில் அப்படி இல்லை. அங்கே முதலில் செய்தது ஓடாது என்பதுதான் வழக்கம். ஓடாததைப் பிரித்து, ஏன் என்று பார்த்து, திரும்பச் செய்வதே அங்குள்ள படிப்பு.

கூட்டுப் பட்டறை என்றால்

சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ரம்பம், துளைபோடும் இயந்திரம், வசதி இருந்தால் கணினியில் வரைந்ததை அடுக்கடுக்காக வார்த்துத் தரும் முப்பரிமாண அச்சு இயந்திரம். இவற்றை ஒவ்வொரு வீடும் வாங்க முடியாது. ஊருக்குப் பொதுவாக ஓர் அறையில் வைத்து, வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்வது கூட்டுப் பட்டறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் என்ற பேராசிரியர் 1998-இல் தொடங்கிய ஒரு வகுப்பிலிருந்து வளர்ந்த இப்படிப்பட்ட பட்டறைகளில், அந்நாட்டுக்கு வெளியே முதலில் அமைந்த ஒன்று ஏதோ பெரிய நகரத்தில் இல்லை. புனே அருகே பாபல் என்ற கிராமத்தில், விக்யான் ஆசிரமத்தில், 2002-இல் அமைந்தது. பள்ளிப் படிப்பை விட்ட பிள்ளைகளுக்குக் கைத்தொழில் வழியாகப் பாடம் சொல்லித் தரும் இடம் அது. 2016-க்குப் பிறகு மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காகப் பல பள்ளிகளில் வந்திருக்கின்றன. உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அதன் கதவு வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்றும் கேளுங்கள்.

பள்ளப்பட்டிப் பிள்ளை

திண்டுக்கல் தாண்டி அரவக்குறிச்சிப் பக்கம் இருக்கிற பள்ளப்பட்டியை நம்மில் பலருக்குச் சம்பந்த வகையில் தெரியும். அந்த ஊர் ரிஃபாத் ஷாரூக் 2017-இல் 18 வயதுப் பிள்ளை. சென்னையில் உள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் துணையோடு, நண்பர்களுடன் சேர்ந்து அவர் செய்த கருவிக்கு கலாம்சாட் என்று பெயர். எடை 64 கிராம். ஒரு கோழிமுட்டையைவிடச் சற்றுக் கூடுதல். நான்கு சென்டிமீட்டர் கனசதுரத்துக்குள் அடங்கிவிடும். அதன் கூடு கார்பன் இழை சேர்த்து முப்பரிமாண அச்சில் வார்த்தது. அந்தக் கூடு விண்வெளிப் பயணத்தைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் சோதனை. 2017 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து நாசாவின் ராக்கெட்டில் அது ஏறியது.

பத்திரிகைகள் எல்லாம் "உலகின் மிகச் சிறிய செயற்கைக்கோள்" என்று எழுதின. நமக்குப் பெருமைதான். ஆனால் பாடம் என்று வரும்போது சரியாகச் சொல்ல வேண்டும்: அந்த ராக்கெட் பூமியைச் சுற்றி வருவதற்கானது அல்ல. மேலே போய், சில நிமிடங்கள் எடையற்ற நிலையில் இருந்து, திரும்பி விழும் வகை. அதனால் அந்தப் பிள்ளைகள் செய்தது சிறிதாகிவிடாது. அதே அமைப்பின் மாணவர்கள் செய்த கலாம்சாட்-வி2, 1.26 கிலோ எடையுடன், 2019 ஜனவரி 24 அன்று பி.எஸ்.எல்.வி.-சி44 ராக்கெட்டில் போய் உண்மையிலேயே பூமியைச் சுற்றியது.

பழுதில்லாத கருவியைப் பழுது என்றது

2022-இல் என்ன நடந்தது என்று இஸ்ரோ ஆராய்ந்து வெளியிட்டது. ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு கழன்று பிரியும்போது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கடுமையான அதிர்வு. வேகம் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் உணரிகள் அந்த அதிர்வில் தங்கள் அளவுக்கு மேல் எகிறிவிட்டன. உள்ளே இருந்த கணினி "இவை எல்லாம் கெட்டுவிட்டன" என்று முடிவு கட்டி, அவற்றின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. உண்மையில் அவை கெடவில்லை. அடுத்த ராக்கெட்டில் அடுக்கு பிரியும் முறையை அதிர்வு குறைவாக இருக்கும்படி மாற்றினார்கள். ஓர் உணரியைக் கெட்டது என்று ஒதுக்கும் முன் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும்படி கணினிக்கும் சொல்லி வைத்தார்கள்.

இதை மொட்டை மாடியில் செய்து பார்க்கலாம்

தெர்மிஸ்டர் என்று ஒரு சின்னப் பொருள், சில ரூபாய்தான். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் ஒன்று, 10 கிலோ ஓம் சாதாரண மின்தடை ஒன்று, இரண்டையும் வரிசையாகச் சேர்த்து 5 வோல்ட் கொடுத்தால், 25 டிகிரியில் நடுப்புள்ளியில் பாதி, அதாவது 2.5 வோல்ட் கிடைக்கும். அந்த நடுப்புள்ளியை ஆர்டுயினோ பலகையில் இணைத்தால் 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகக் காட்டும். 25 டிகிரியில் 512-ஐ ஒட்டி வரும். டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால், பலகை உட்பட எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் முடியும். வீட்டு மின்சாரத்தைத் தொட வேண்டாம், யு.எஸ்.பி. அல்லது பேட்டரி போதும். சால்டரிங் செய்யும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

தெர்மிஸ்டரின் கால்களைத் தண்ணீர் புகாமல் பிளாஸ்டிக் உறையில் மூடி, முதலில் ஐஸ் போட்ட டம்ளரில் வைத்து எண்ணைக் குறியுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு சேர்த்து வையுங்கள். இரண்டு அளவுகள் கிடைத்துவிட்டால் மற்றவற்றை ஓரளவு ஊகிக்கலாம். அதன்பின் மாடியில் வெறும் கான்கிரீட் தரையில் ஓரிடம், சுண்ணாம்பு அடித்த ஓரிடம். காலை 10 முதல் மாலை 4 வரை மணிக்கு ஒரு தடவை. மதுரை வெயிலுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நடுவில் திடீரென்று 0 அல்லது 1023 என்று காட்டும். அப்போது பிள்ளை "இது கெட்டுப்போச்சு அத்தா" என்று தூக்கி எறிய வரும். அங்கேதான் ராக்கெட் கதையைச் சொல்ல வேண்டும். வயர் கழன்றிருக்கிறதா பாருங்கள், மூன்று தடவை அளந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். தப்பான அளவையும் அழிக்காமல் நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

நோட்டு என்றதும் அல்-ஜஸரியின் நினைவு வருகிறது. தியார்பக்கிரில் ஆர்துக்கிய அரசர்களிடம் பணியாற்றிய பட்டறைக்காரர் அவர். நீர்க்கடிகாரம், தண்ணீர் இறைக்கும் இயந்திரம், உளூ செய்யத் தண்ணீர் ஊற்றும் பொம்மை என்று 50 கருவிகளைச் செய்யும் விதத்தை 1206-இல் நூலாக எழுதினார், அளவுகளோடும் படங்களோடும். அந்தக் குறிப்புகளை வைத்தே அவருடைய பெரிய நீர்க்கடிகாரத்தை 1976-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்காகத் திரும்பச் செய்ய முடிந்தது. எழுநூற்று எழுபது வருடம் கழித்து!

நம் மஹல்லாவில் யார் சொல்லித் தருவது?

நம் தெருக்களில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். பத்தாவது, பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டவர்கள் பலர். ஆனால் கடுகளவு பாகத்தைக் கை நடுங்காமல் சால்டர் செய்வார்கள். இன்னொரு பக்கம், நன்றாகப் படித்து மதிப்பெண் வாங்கிய நம் பெண் பிள்ளைகளில் பலர் ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூடப் பிடித்ததில்லை. பிளஸ் டூ முடிந்ததும் "போதும்" என்று சொல்லிவிடுகிற வீடுகளும் இருக்கின்றன. இந்த இரண்டு பேரையும் ஓர் அறைக்குக் கொண்டுவந்தால் இருவருக்குமே லாபம். தம்பிக்கு விட்டுப்போன ஓம் விதி கிடைக்கும். பிள்ளைக்குக் கைப்பழக்கம் கிடைக்கும்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குபவர்களின் கவலை நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது: பெண்களுக்குத் தனி நேரம், மஃரிபுக்கு முன் முடிந்துவிடும் வகுப்பு, கூடவே ஒரு உம்மா அல்லது ஆசிரியை. திருமங்கலத்துப் பிள்ளைகள் ஒரு பெண்கள் பள்ளிக்குள் இருந்துகொண்டேதான் விண்வெளிக்குக் கருவி செய்தார்கள்.

தொடங்கப் பெரிய பணம் வேண்டாம். ஒரு மேசை, இரண்டு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், நான்கைந்து ஆர்டுயினோ பலகை, பழுதான ரேடியோ, ஃபேன், மிக்ஸி. வீட்டில் மூலையில் கிடக்கும் பழையவற்றைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு வாரம் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி வயரை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.